இரண்டு கீறல்

நானா காரைக் கண்ணால் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பழைய சாரத் துண்டை வைத்து, முன் மட்காட்டில் தொடங்கிப் பின் மட்காட் வரைக்கும் ஒரே இழுவையாகத் தடவிக்கொண்டு போவார். துணி இருந்தால் வியர்வையில் விரல் பிடிக்காது. மேடும் பள்ளமும் மட்டும் கைக்கு வரும். பளபளப்பு கண்ணை ஏமாற்றும், கையை ஏமாற்றாது என்பது அவருடைய கணக்கு. வலது பக்கக் கதவுக்குக் கீழே கை வந்ததும் நின்றது.

"இது வீக்கம் தம்பி. காயமில்ல. உள்ளுக்கு இரும்பு செத்துப் போச்சு."

மேலே பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. நல்ல நீலம், ஓரளவு மினுக்கம். ஒரு சின்ன வெடிப்புக்கூட இல்லை.

கார் அப்பாவுடையது. மொறிஸ் மைனர் 1000, 948 சி.சி. எஞ்சின், 1958இல் பதிந்தது. அப்பா அரசாங்க அப்போதிக்கரி. கடன் எடுத்துப் புதிதாக வாங்கினார், சாகும்வரை விற்கவில்லை. அவருக்குப் பிறகு திருகோணமலை உவர்மலை வீட்டுக் கொட்டகையில் பல வருடம் கிடந்தது. உவர்மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் டச்சுக்குடா. காற்று எங்கிருந்து அடித்தாலும் உப்பைக் கொண்டுதான் வரும். யன்னல் கம்பி, கேற் பிணைச்சல், தண்ணீர்த் தாங்கியின் மூடி எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் ஆயுள் குறைவு. ஒரு மில்லிமீற்றர்கூடத் தடிப்பில்லாத கார்த் தகடு இவ்வளவு காலம் நின்றதே பெரிய விசயம். சீனன்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றொன்பது இன்னும் நிற்கின்றன. அவற்றின் இரும்பு வேறு, இதன் இரும்பு வேறு.

நானா கிண்ணியாக்காரர். 2009இல் பாலம் திறக்கும்வரை 'பாதை'யில் ஏறி இறங்கித்தான் ரவுணுக்கு வேலைக்கு வந்தார். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வாகனத்தையும் ஆளையும் சேர்த்து ஏற்றிக் கழிமுகத்தைக் கடக்கிற மிதவை. ரிங்கரிங் வேலையும் பெயின்ற் வேலையும் இரண்டுமே தெரிந்த பாஸ்மார் இப்போது குறைவு. ஒருவர் தட்டுவார், மற்றவர் பூசுவார். தட்டியவர் விட்ட பிழையைப் பூசியவர் பட்டியால் மூடுவார். நானா இரண்டையும் தானே செய்வதால் மூடுவதற்கு ஆள் இல்லை.

முதல் நாள் அவர் பொனற்றைத் தடவியபோது நடுவில் நீளமாக ஒரு தட்டையான பட்டை கைக்கு வந்தது. எவனோ ஒட்டுப் போட்டிருக்கிறான் என்று நான் நினைத்தேன். நானா சிரித்தார். மைனர் எல்லாவற்றிலும் அது உண்டு. அலெக் இஸிகோனிஸ் இந்தக் காரை வரைந்து, மாதிரியும் செய்து முடித்த பிறகு, 1947இல், அகலம் போதாது என்று அவருக்குப் பட்டது. மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் மெல்ல மெல்ல விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் விலகிய இடத்தில் கண்ணுக்குச் சரியாக வந்தது. அந்த நான்கு அங்குலம்தான் பொனற்றின் நடுவில் ஓடும் பட்டை. பம்பர்கள் அதற்கு முன்பே செய்து குவிக்கப்பட்டிருந்ததால், ஆரம்பக் கார்களில் பம்பரை நடுவே வெட்டி ஒரு துண்டு வைத்து நீட்டினார்கள். 1948இல் லண்டன் கண்காட்சியில் கார் வெளிவந்தது. கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு அதன் உருவம் பிடிக்கவேயில்லை. அப்படியிருந்தும் பதினாறு லட்சம் ஓடியது. உலகத்திலுள்ள ஒவ்வொரு மைனரும் அறுத்துப் பொருத்திய தழும்போடுதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது என்பதை அறிந்த பிறகு, எனக்குக் காரின் மேல் இருந்த பிரியம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

பழைய கார் மேல் இலங்கையருக்கு உள்ள பற்றைப் பழமைப் பிரியம் என்று வெளியாட்கள் எழுதுகிறார்கள். அது அவ்வளவு சரியில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி இல்லாமற்போய்க் கார் இறக்குமதியை இறுக்கினார்கள். 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை இருந்த காரைத்தான் எல்லோரும் ஓட்டவேண்டும். ஒரு தலைமுறை மெக்கானிக்மாரைப் பயிற்றியது அந்த வறுமைதான். 2020 மார்ச்சில் திரும்பவும் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையில் 2022இல் பெற்றோலுக்குக் கியூவில் நாள்கணக்காக நின்றோம். யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிறகு பெற்றோல் தடையாக இருந்த வருடங்களில் இதே மைனரும், ஒஸ்ரின் ஏ போட்டியும், கேம்பிறிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைப் பிடிக்க வைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நோயாளியும் பிள்ளைத்தாச்சியும் அந்தப் புகைக்குள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புதிய கார்களின் எஞ்சின் அதைத் தாங்கியிராது.

இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் கார்களைத் திருத்திக்கொண்டிருந்த சார்ல்ஸ் வெயார் என்பவர், ஒரு காரை எறியாமல் வாழ்நாள் முழுக்கத் திருத்தித் திருத்தி வைத்திருப்பதே சிக்கனம் என்று 1982இல் ஒரு புத்தகமே எழுதினார். 1990களில் மைனருக்கான தகடுகளை வெட்டி வளைத்துச் செய்ய அவர் தேடி வந்த நாடு இலங்கை. இங்கே கையால் தட்டிய மட்காட்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. அந்தக் காரைப் பெற்ற நாட்டுக்கே நாங்கள் அதன் உறுப்புகளை அனுப்பியிருக்கிறோம். இதை எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் போடவேண்டும் என்பது என் எண்ணம்.

வீங்கிய இடத்தை நானா அறுத்தார். உள்ளே இரும்பு இல்லை. வள்ளத்துக்கு ஒட்டுகிற ஃபைபர் பாய்தான் இருந்தது. சுனாமிக்குப் பிறகு ஃபைபர் வள்ளங்கள் ஊரெல்லாம் வந்தன, ஃபைபர் ஒட்டத் தெரிந்த கைகளும் பெருகின. ஏதோ ஒரு கராச்சில், அப்பாவின் கடைசிக் காலத்தில், துருவை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே ஃபைபரை ஒட்டி, பட்டி இழுத்து, நீலம் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கண் மங்கிய கிழவர் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு நெஞ்சு எரிந்தது.

நானா கோபிக்கவில்லை. காரணத்தைக் காட்டினார். கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற மூடிய பெட்டிதான் மைனரின் முதுகெலும்பு. கதவு யன்னலால் இறங்குகிற மழைத் தண்ணீர் கதவின் அடித்துளையால் வடியவேண்டும். பெட்டிக்குள் போன ஈரம் பெட்டியின் துளையால் வெளியேறவேண்டும். காரைச் செய்தவன் அந்தத் துளைகளை விட்டிருந்தான். வடிவாகப் பூசவேண்டும் என்று வந்தவன் அவற்றை அடைத்துவிட்டான். தண்ணீர் உள்ளேயே நின்றது, உப்பும் நின்றது. வெளியே இருந்து வருகிற துரு கண்ணுக்குத் தெரியும், தேய்த்து எடுக்கலாம். உள்ளே இருந்து வருகிற துரு பெயின்றைத் தொட்டு வீங்கச் செய்கிறபோது தகட்டில் மிச்சம் இருக்காது. 'பூசி மெழுகுதல்' என்று நாங்கள் வாயால் சொல்கிறதை இவர் இடுக்கியால் பிடித்துத் துண்டு துண்டாக இழுத்து என் காலடியில் போட்டார்.

இரண்டு பக்கமும் புதுத் தகடு வெட்டி ஒட்டி முடிக்க ஆறு கிழமை போனது. உள்ளே கழிவு ஒயிலும் மீனெண்ணெயும் கலந்து ஊற்றினார். கொட்டகை முழுக்கத் திருக்கடலூர்க் கரையின் மணம்.

பிறகுதான் நிறம். அங்கேதான் எனக்கும் அவருக்கும் முதல் வாக்குவாதம் வந்தது. முழுக்கச் சுரண்டி, இரும்பு தெரியக் கழுவி, 1958இல் கடையிலிருந்து வந்தபடியே ஆக்கவேண்டும் என்று நான் நின்றேன். படங்களில் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. நானா தண்ணீர் வாளியையும் நானூறாம் நம்பர் வாட்டர் பேப்பரையும் எடுத்து, பின் மட்காட்டில் உள்ளங்கையளவு இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். தண்ணீர் நீலமாக ஓடியது, பிறகு சாம்பலாக, பிறகு வெள்ளையாக, பிறகு திரும்பவும் சாம்பலாக. துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நடுவில் சிவந்த பிறைமர், அதைச் சுற்றி ஒரு மண்சாம்பல் வளையம், அதற்கு வெளியே பாலாடை நிறம், அதற்கு வெளியே வேறொரு கடுஞ்சாம்பல், கடைசியாக நீலம். அறுத்த மரத்தில் வரி பார்க்கிற மாதிரி இருந்தது.

மண்சாம்பல்தான் கம்பனி நிறம். கிளாரண்டன் கிறே என்று பெயர். பாலாடை நிறம் அக்காவின் கலியாணத்துக்கு அடித்தது, எனக்கு நினைவிருக்கிறது. கடுஞ்சாம்பலைப் பார்த்ததும் நானா, "இது கப்பலுக்கு அடிக்கிறது" என்றார். டொக்யார்டில் வேலைசெய்த யாரோ அப்பாவுக்கு ஒரு தகரம் கொடுத்திருக்கவேண்டும். தூரிகையால் அடித்த கோடுகூடத் தெரிந்தது. பிரித்தானியக் கடற்படை 1957 ஒக்டோபர் 15இல் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன பிறகும் இந்த ஊரில் எந்தக் கதவுக்கும் எந்தக் கட்டிலுக்கும் அந்தச் சாம்பல்தான் பல காலம் பூசப்பட்டது. சின்னவயதில் எங்களுக்கு அது நிறமாகவே தெரியாது. இரும்பென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம்.

"எதை ஒறிஜினல் எண்டு சொல்றீங்க?" என்று நானா கேட்டார். "கம்பனிக்காரன்ட கலரில உங்கட வாப்பா எத்தின வருசம் ஓடினார்? மிச்சக் காலம் ஓடினது எதில?"

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. துரு ஏறிய இடத்தில் இரும்புவரை போவது, இரும்பு நல்லாயிருக்கும் இடத்தில் பழைய பூச்சை உறுதியான அளவுக்குத் தேய்த்து அதன் மேலேயே கட்டுவது என்று முடிவானது. மேல் நிறம் மண்சாம்பல்தான். அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை, அவரும் மறுக்கவில்லை.

அந்த நிறத்தைப் பிடிக்க ஒரு முழு நாள். டாஷ்போட்டுக்குப் பின்னால், வெயில் ஒருநாளும் படாத மூலையில் கம்பனிப் பூச்சு ஒரு சாண் அளவு தப்பியிருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானா வெள்ளை, கறுப்பு, மஞ்சட்காவி, ஒரு துளி சிவப்பு என்று குச்சியால் தொட்டுத் தொட்டுக் கலக்கினார். கொட்டகை நிழலில் அச்சொட்டாகப் பொருந்தியது. வெயிலுக்கு எடுத்து வந்ததும் பச்சை அடித்தது. சாயங்கள் வேறென்றால் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிவது மற்ற வெளிச்சத்தில் பிரிந்துவிடும். ஆகவே காலையில் ஒருமுறை, உச்சியில் ஒருமுறை, லைற் போடுகிற நேரம் ஒருமுறை என்று மூன்று வெளிச்சத்திலும் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார்.

இந்த ஊரில் ஸ்பிறே அடிக்க நாள் பார்க்கவேண்டும். வைகாசியிலிருந்து கச்சான் அடிக்கும். மேற்கேயிருந்து காய்ந்த வெப்பக் காற்று, அதனோடு புழுதி. ஈரப் பூச்சில் விழுந்த புழுதி மணல் விதைத்தது போல நிற்கும். கச்சான் முடிந்து வாடை தொடங்கினால் மழை, ஈரம். நானா பிடிப்பது பழைய லக்கர். தின்னர் வேகமாகப் பறக்கிறபோது தகட்டின் முகம் குளிரும். காற்றில் ஈரம் கூடினால் அந்தக் குளிரில் நீர் படிந்து பூச்சு பால் தெளித்தது போல வெளுக்கும். 'நரைக்கும்' என்பது அவர் சொல். இரண்டு காற்றுக்கும் நடுவே கிடைக்கிற சில கிழமைகள்தான் பெயின்ற்காரனின் பருவம். அதிலும் விடிந்து காற்று எழும்புவதற்கு முந்திய இரண்டு மணித்தியாலம். நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துப் புழுதியைப் படுக்க வைத்துவிட்டு, கொம்பிரசரின் ஈரத்தைத் திறந்து விட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்பிறே கன்னைத் தொடுவார். நான்கு விடியலில் எட்டுப் பூச்சு. ஒவ்வொன்றும் முட்டைத் தோலின் தடிப்புக்கூட இல்லை. ஒரு மாதம் காயாமல் கம்பவுண்ட் போட விடமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்றைய டூகே பெயின்ற் ஒரே நாளில் கண்ணாடியாக மின்னும், நீடிக்கவும் செய்யும். ஆனால் லக்கரின் மினுக்கம் ஆழத்திலிருந்து வருவது. கையால் தேய்க்கத் தேய்க்கத்தான் வரும்.

கார் காய்ந்துகொண்டிருந்த மாதத்தில் சில்லறை வேலைகள். பம்பர், கைப்பிடிகள், கடைசியாகப் பின் நம்பர் பிளேற்.

கறுப்புத் தகடு, வெள்ளை எழுத்து. முதலில் 1, பிறகு சிங்கள ஸ்ரீ, பிறகு நான்கு இலக்கம். பூச்சு உரிந்திருந்ததால் அதையும் தேய்த்து எழுதிவிடலாம் என்று நானா வாளியில் போட்டார். அறுநூறாம் நம்பர் பேப்பரால் மெதுவாகத் தேய்த்தார். சிங்கள ஸ்ரீ கரைந்தது. கீழே கறுப்பு. கறுப்பும் கரைந்தது. அதற்குக் கீழே இன்னொரு வெள்ளை எழும்பத் தொடங்கியது. நானா கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

தமிழில் ஸ்ரீ. தூரிகையால் எழுதியது.

வண்டி இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ வந்தபோது அதற்கு எதிர்ப்பு 1957இல் தொடங்கியது. முந்திய வருடம் ஓகஸ்டில்தான் தமிழரசுக் கட்சியின் மாநாடு இதே திருகோணமலையில் கூடியது. ஊர் ஊராக நடந்து வந்தவர்களைப் பற்றி அம்மா சொல்லியிருக்கிறார். 1957 யூலையில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம். 1958 மார்ச்சில் அரசாங்க பஸ்கள் அந்த எழுத்தோடு வடக்குக்கு வந்தன. தமிழ்ப் பகுதிகளில் எழுத்தின் மேல் தார் பூசினார்கள், கொழும்பில் தமிழ்ப் பெயர்ப் பலகைகள் மேல் தார் பூசினார்கள். ஏப்ரல் 9இல் ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் கலவரம். ஓர் எழுத்தில் தொடங்கிப் பூச்சின் மேல் பூச்சாகப் போய் மனித உடலில் வந்து நின்றது.

ஆனால் அப்பா அரசாங்க உத்தியோகத்தர். வீட்டில் அரசியல் பேசமாட்டார். பேப்பரைக்கூட மடித்துத்தான் படிப்பார். தகட்டில் இப்படி எழுதியது பிடிபட்டால் கோடு, தண்டம், வேலைக்கே ஆபத்து. இயக்கப் பெடியன்கள் யாரோ இரவில் வந்து எழுதியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

தகட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது எழுத்துக்கு மேலே ஒரு கீறல், கீழே ஒரு கீறல் தெரிந்தன. ஆணியாலோ ஊசியாலோ அடிமட்டம் பிடித்து இழுத்த நேர்கோடுகள். எழுத்து இரண்டையும் தொட்டு, தாண்டாமல் நின்றது. அப்பா கோடு இழுக்காமல் ஒன்றும் எழுதமாட்டார். மருந்துப் போத்தலில் ஒட்டுகிற அரை அங்குலத் துண்டில்கூட இரண்டு பென்சில் கோடு இழுத்துவிட்டுத்தான் 'நாளுக்கு மூன்று வேளை' எழுதுவார். இரவில் ஒளித்து வந்து எழுதுகிறவன் அடிமட்டத்தோடு வரமாட்டான்.

எத்தனை நாள் அந்த எழுத்தோடு காரை ஓட்டினார், எந்த நாளில் பயந்து திரும்பக் கறுப்பைப் பூசினார், அம்மாவுக்குத் தெரியுமா, கேட்க ஆளில்லை. அவர் எங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. பூசி மெழுகுகிறவர்கள் மேல் இத்தனை கிழமையாக நான் எரிந்துகொண்டிருந்தேன். இந்தப் பூச்சின் மேல் எரிச்சல் வரவில்லை. பிள்ளைகள் நான்கு பேரையும் சம்பளத்தையும் அந்தக் கறுப்புக்குக் கீழே வைத்து அவர் காப்பாற்றியிருக்கிறார்.

"இதுக்குக் கீழயும் ஒண்டு இரிக்கும்," என்றார் நானா. முதலில் பதிந்தபோது எழுதிய சிங்கள ஸ்ரீ. அதுதான் கணக்குப்படி ஒறிஜினல். அதைக் காணவேண்டுமானால் அப்பாவின் எழுத்தைத் தேய்த்து வாளியில் ஓடவிடவேண்டும்.

நான் வேண்டாம் என்றேன். தகட்டைக் கழற்றிச் சுவரில் மாட்டலாம், வேறு தகடு செய்யலாம் என்று மகன் சொன்னான். நியாயமான யோசனைதான். ஆனால் அந்தத் தகடு காரோடுதான் அவ்வளவு வருடம் ஓடியது. சட்டப்படி வெளியே பதிவிலுள்ள எழுத்து இருக்கட்டும், உள்ளே இது இருக்கட்டும் என்று எனக்குப் பட்டது. நானா எழுத்தின் மேல் தெளிந்த லக்கர் இரண்டு பூச்சு அடித்தார். இனி யார் தேய்த்தாலும் கறுப்பு முடிந்ததும் பேப்பர் வழுக்கும், நின்று பார்ப்பான்.

மேலே கறுப்பு அடிப்பதற்கு முதல் அளவெடுக்க ரவுணிலிருந்து ஸ்ரிக்கர் வெட்டுகிற பெடியன் வந்தான். இருபது வயதிருக்கும். தகட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஐயா, இதென்ன தமிழில ஸ்ரீ எண்டு கிடக்கு? கோயில் காரோ?"

"இல்லைத் தம்பி. எங்கட அப்பா எழுதினது."

"வடிவாயிருக்கு," என்று சொல்லி, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, இலக்கத்தின் உயரத்தை அளந்தான்.

அடுத்த நாள் விடிய நானா கறுப்புக் கலக்கினார். கீறல் இரண்டையும் பட்டி வைத்து நிரப்பட்டா என்று கேட்டார். அப்படியே விடச் சொன்னேன். கச்சான் எழும்ப முதல் மூன்று பூச்சு முடிந்தது. பின்னேரம், காய்ந்த பிறகு, அவருடைய சாரத் துண்டை வாங்கி உள்ளங்கைக்குக் கீழே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து கீழாகத் தடவினேன். எழுத்து இருந்த இடத்தில் கைக்கு ஒன்றும் வரவில்லை. கீறல்கள் வந்தன. முதலில் ஒன்று, ஒன்றரை அங்குலம் தள்ளி மற்றது.